ரோட்டுல வேலை நடக்குது

காலை ஆறேகாலுக்கு தூத்துக்குடி துறைமுக வாசலில்
பெயர் எழுதிய அட்டையோடு நின்றேன்.
இங்கெர், டோர்பென். இரண்டு பேர், ஒரு இன்னோவா,
தாளில் அச்சடித்த ஐந்து நிறுத்தங்கள்:
நாரை, மயில், மாளிகை, சாப்பாடு, மாளிகை.
இரவு எட்டரைக்குள் கப்பலில் ஏற்றிவிட வேண்டும்.
கப்பல் யாருக்காகவும் நிற்காது என்று
ஷாகுல் அண்ணன் இரண்டு முறை சொன்னார்,
ஏதோ நான்தான் அதை ஓட்டுகிறவன் மாதிரி.

வழியெல்லாம் அந்தம்மா
பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை.
மின்கம்பியில் இருந்த கரிச்சானுக்கும் நிறுத்தச் சொன்னாள்.

வேட்டங்குடிக் கண்மாயில் தண்ணீர் இருந்தது.
நாரை இல்லை.
போன வாரமே குஞ்சுகளோடு கிளம்பிவிட்டதாக
காவலாளி சொன்னார்,
வாடகை வீட்டைக் காலி செய்தவர்களைப் பற்றிச் சொல்வதுபோல.
கிளையெல்லாம் வெள்ளை எச்சம்.
டோர்பென் அதையும் படம் எடுத்தார்.
மயில் வந்தது. மயில் எப்போதும் வரும்,
அதையும் ஒரு நிறுத்தமாகப் போட்டது எங்கள் சாமர்த்தியம்.

கானாடுகாத்தானில் முதல் மாளிகை.
பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு என்றேன்.
கப்பலில் வந்த பளிங்கு. கப்பலில் வந்த கண்ணாடி.
அந்தம்மா உத்தரத்திலிருந்து கண்ணை இறக்கிக் கேட்டாள்:
கப்பலில் வராதது இங்கே என்ன இருக்கிறது?
சட்டென்று வாயில் ஒன்றும் வரவில்லை.
வெயில், என்றேன்.

சாப்பிட்டு முடித்து ஆத்தங்குடி குறுக்குச் சாலையில்,
ஒரு பக்கம் தைலமரம், மறுபக்கம் கருவேலம்,
பிரேக்கை மிதித்தேன்.
கல் என்றுதான் நினைத்தேன்.
கல் கழுத்தை நீட்டியது.

நட்சத்திர ஆமை.
முதுகின் ஒவ்வொரு மேட்டிலும்
டார்ச் அடித்ததுபோல மஞ்சள் கீற்று.
டோர்பென் கைத்தடியைக் குறுக்கே நீட்டி
நடுரோட்டில் போலீஸ்காரர்போல நின்றார்.
தேவகோட்டை பஸ் நின்றது.
கண்டக்டர் இறங்கி, ஆக்சிடெண்டா என்றார்.
ஆமை என்றேன். வாட்சைப் பார்த்துவிட்டு அவரும் நின்றார்.
ஜன்னலோரம் ஒரு குரல்:
ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க.
பூட்டிக் கிடக்கும் இத்தனை மாளிகைகளிலும்
எந்த ஆமை புகுந்தது என்று கேட்க நினைத்தேன்.
அந்தம்மாவுக்கு அதை மொழிபெயர்க்கவில்லை.

பைக்கில் வந்த ஒருத்தன் என் தோளருகே குனிந்தான்.
அண்ணே, கப்பல் பார்ட்டியா?
ஆறாயிரம். துண்டுல சுத்தித் தர்றேன்.
சத்தமே போடாது.

போடும். எனக்குத் தெரியும்.
மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பார்சல்,
டைல்ஸ் சாம்பிள் என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள்.
மானாமதுரை தாண்டியதும் அட்டைக்குள் நகம் சுரண்டியது.
பாட்டைக் கூட்டி வைத்தேன்.
திரும்பவும் சுரண்டியது. திரும்பவும் கூட்டினேன்.
எட்டயபுரத்தில் சுரண்டல் நின்றதா,
பாட்டுதான் முழுக்க மூடிவிட்டதா, பார்க்கவில்லை.
கிடைத்தது ஆயிரத்து இருநூறு.
பின் டயர் ஒன்று மாற்றினேன்.

தம்பி, உன் வண்டி நம்பரை போட்டோ எடுக்கட்டுமா என்றேன்.
அவன் போய்விட்டான்.
என் குரல் எனக்கே யோக்கியன் குரலாகக் கேட்டது,
கூச்சமாக இருந்தது.

ஷாகுல் அண்ணன் வாட்ஸப்பில்: எங்கடா இருக்க?
ரோட்டுல வேலை நடக்குதுண்ணே, என்று தட்டினேன்.
நாலு கால் வேலை.
பதினோரு நிமிஷம்.
கடைசியில் ஓரத்துச் செம்மண் மேட்டில் சறுக்கி,
மறுபடி ஏறி, கருவேல நிழலுக்குள் போனது.
பஸ்ஸில் யாரோ கை தட்டினார்கள்.

இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?
ஆமை.
ஆமை, என்றாள். நோட்டில் எழுதிக்கொண்டாள்.
இரண்டாவது மாளிகையை விட்டுவிட்டோம்.

மானாமதுரை வந்ததும்
கை தானாகப் பாட்டுப் பக்கம் போனது.
பின்சீட்டில் இருவரும் தூக்கம்.
டிக்கியில் ஒரு குடையும் தண்ணீர் பாட்டில்களும்தான்.
ஆனாலும் எட்டயபுரம் வரை
பாட்டுப் போடாமல்
காது கொடுத்தபடியே ஓட்டினேன்.

எட்டு பத்துக்குத் துறைமுகம்.
அந்தம்மா கை குலுக்கி, பலமாக,
ஆமை! என்றாள்,
நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டு.